குணத்தை மாற்ற நான்கு வழிகள்: எந்தக் குறைக்கு எது?

முன்கோபத்தைக் குறைக்க வேண்டும், சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டும், ஆள் இல்லாத இடத்தில் அவரைப் பற்றிப் பேசுவதை நிறுத்த வேண்டும் என்று முடிவெடுத்தவர் அடுத்து ஒரு கேள்வியில் வந்து நிற்பார். சரி, எப்படி? தினமும் நோட்டில் எழுதிப் பார்ப்பதா, ஒரே ஒரு சின்னப் பழக்கத்தைப் பிடித்துக்கொள்வதா, தவறு நடக்கும் இடத்தைவிட்டே விலகிவிடுவதா, யாராவது ஒருவரிடம் சொல்லி வைத்துக் கேள்வி கேட்கச் சொல்வதா? நான்குமே பழைய வழிகள்தான். நான்குக்கும் ஆதரவாளர்கள் உண்டு. சில குறைகளுக்கு இவை நன்றாக வேலை செய்யும். வேறு சில குறைகளிடம் ஒன்றுக்கும் உதவாது.

பெரும்பாலோர் சறுக்குவது தேர்ந்தெடுக்கும் இடத்தில். குறையைப் பார்த்து வழியைத் தேர்வதில்லை, தங்களுக்குப் பிடித்த வழியை எடுத்துக்கொள்கிறார்கள். எழுதப் பிடித்தவர் நோட்டு வாங்குகிறார். தனிமை விரும்பி 'நானே பார்த்துக்கொள்கிறேன்' என்கிறார். பேச்சுப் பிரியர் ஒரு குழுவில் சேர்கிறார். குறையும் அதே சுபாவத்திலிருந்து முளைத்ததுதானே? அதனால் பிடித்த வழி பல நேரம் குறையைத் தொடாமல் அதன் பக்கத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். வாரம் தவறாமல் தன்னைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவரின் குறை 'தன்னைப் பற்றி மட்டுமே யோசிப்பது' என்றால், நோட்டு அதற்குத் தீனி போடும். எனவே வழிகளை ஒப்பிடும்முன் குறையை வகை பிரித்துவிட வேண்டும் என்பது என் கட்சி.

அதற்கும் முன்னால் ஒரு சந்தேகம் வரும்.

மாறுமா?

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று கேட்பவர்களுக்குப் பதில் இருக்கிறது. ஒரே மனிதர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த 92 குழுக்களின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2006-ல் வந்தது. பொறுப்புணர்வும் மன நிதானமும் குறிப்பாக 20 முதல் 40 வயதுக்குள் கூடுகின்றன, நடுவயதிலும் முதுமையிலும்கூடச் சில குணங்கள் நகர்கின்றன என்று அது காட்டியது. இது தானாக நடப்பது. வேண்டுமென்றே முயன்றால் என்ன ஆகும் என்பதை 2021-ல் சுவிட்சர்லாந்தில் நடந்த ஓர் ஆய்வு பார்த்தது. 1,523 பேர், ஒரு மொபைல் செயலி, மூன்று மாதப் பயிற்சி. அவரவர் விரும்பிய திசையில் குணம் கொஞ்சம் நகர்ந்தது. பயிற்சி முடிந்து மூன்று மாதம் கழித்தும் அந்த மாற்றம் நின்றது.

அந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் பட்ட செய்தி வேறு. ஒரு குணத்தைக் கூட்ட விரும்பியவர்களிடம் ஏற்பட்ட மாற்றத்தை நண்பர்களும் வீட்டாரும் கவனித்தார்கள். குறைக்க விரும்பியவர்களிடம் அவர்களுக்கு மாற்றம் தெரியவில்லை. 'கோபப்படக் கூடாது' என்று இலக்கு வைப்பதைவிட 'எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும்வரை காத்திருப்பேன்' என்று வைப்பது நல்லது என்று நான் இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். இல்லாத ஒன்றை யாராலும் பயிற்சி செய்ய முடியாது.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. 2019-ல் வெளியான ஓர் ஆய்வில் கல்லூரி மாணவர்கள் தங்கள் குணத்தை மாற்றுவதற்கான சின்னச் சின்னப் பணிகளை 15 வாரம் ஏற்றுச் செய்தார்கள். செய்து முடித்தவர்கள் மாறினார்கள். ஏற்றுக்கொண்டு செய்யாமல் விட்டவர்களுக்குப் பலன் இல்லை. சில குணங்களில் பின்னுக்கே போனார்கள். நல்லவனாக வேண்டும் என்ற ஆசைக்கு மட்டும் மதிப்பெண் கிடையாது.

குறை எந்த வகை?

என் கணக்கில் மூன்று வகை. முதல் வகை, செய்கிறவருக்கே தெரியாதது. அடுத்தவர் பேசும்போது குறுக்கே புகுவது, எதைச் சொன்னாலும் தன் கதைக்குக் கொண்டுபோவது, நன்றி சொல்ல மறப்பது. இவற்றைச் செய்கிறவரிடம் கேட்டால் 'நானா?' என்பார். நடிப்பில்லை, உண்மையிலேயே தெரியாது.

இரண்டாவது, தெரியும், ஆனால் அந்த நேரத்தில் கைமீறிவிடும். கத்திவிட்டுப் பிறகு வருந்துவது, வேலைக்கு நடுவே மொபைலை எடுத்து அரைமணி நேரம் தொலைப்பது, சொல்லக் கூடாத ரகசியத்தைப் பேச்சு வேகத்தில் உளறுவது.

மூன்றாவது வகையைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. தெரிந்து, கணக்குப் போட்டு, லாபத்துக்காகச் செய்வது. சின்னப் பொய், சால்ஜாப்பு, அடுத்தவர் உழைப்பில் தன் பெயரைப் போட்டுக்கொள்வது, திருப்பித் தருவதாகச் சொன்னதை அவர் கேட்கும்வரை தராமல் இழுப்பது. இதில் கைமீறல் எதுவும் இல்லை. மனசுக்குள் ஒரு வழக்கறிஞர் உட்கார்ந்து நியாயம் எழுதிக்கொடுப்பார், அவ்வளவுதான்.

ஒரே செயல் மூன்று வகையிலும் விழலாம். தாமதமாக வருவதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு நேரம் போவது தெரியவில்லை. இன்னொருவர் கிளம்பும் நேரத்தில் 'இதை மட்டும் முடித்துவிடலாம்' என்ற இழுப்பில் மாட்டிக்கொள்கிறார். மூன்றாமவர் காத்திருப்பது எதிராளியின் வேலை என்றே முடிவு செய்திருக்கிறார். மூன்று பேருக்கும் ஒரே மருந்து எழுதிக்கொடுத்தால் ஒருவருக்குத்தான் கேட்கும்.

நோட்டு

நோட்டு வழிக்குப் பேர்போனவர், 18-ஆம் நூற்றாண்டு அமெரிக்க அரசியல் தலைவரும் பத்திரிகையாளருமான பெஞ்சமின் ஃபிராங்கிளின். இளவயதில், குறையே இல்லாத மனிதராகிவிடுவது என்று திட்டம் போட்டவர் அவர். அடக்கமான திட்டம் என்று சொல்ல முடியாது. 13 நற்குணங்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, வாரத்தின் ஏழு நாட்களுக்கு ஏழு பத்திகள் சிவப்பு மையில் கோடு போட்டு, தவறிய இடங்களில் கறுப்புப் புள்ளி வைத்தார். வாரத்துக்கு ஒரு குணத்தின் மீது தனிக் கவனம். 13 வாரத்தில் ஒரு சுற்று, ஆண்டுக்கு நான்கு சுற்று. அடுத்த சுற்றுக்காகப் புள்ளிகளைச் சுரண்டிச் சுரண்டித் தாள் ஓட்டையாகிப்போகவே, துடைத்தால் அழியும்படி தந்தத் தகடுகளுக்கு மாற்றிக்கொண்டார். தான் நினைத்திருந்ததைவிடத் தன்னிடம் எத்தனையோ அதிகக் குறைகள் இருப்பதைக் கண்டு திகைத்துப்போனதாகப் பின்னாளில் எழுதினார். நோட்டின் உண்மையான பயன் அதுதான்: முதல் வகைக் குறையை இரண்டாம் வகைக்கு இழுத்து வரும். தெரியாமல் செய்ததைத் தெரியவைக்கும்.

நாளடைவில் நான்கு சுற்று ஆண்டுக்கு ஒன்றாகி, பிறகு பல ஆண்டுகளுக்கு ஒன்றாகி, கடைசியில் பயணத்திலும் வேலையிலும் நின்றே போனது. நோட்டை மட்டும் எப்போதும் கூடவே வைத்திருந்தார். (பாதி எழுதிய நோட்டுகள் வீட்டில் குவிந்து கிடப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் ஆறுதலடையலாம்.) பொருளை அதனதன் இடத்தில் வைப்பது, வேலையை அதனதன் நேரத்தில் செய்வது என்ற 'ஒழுங்கு' அவரைப் படுத்தியது போல வேறெதுவும் படுத்தவில்லை. குறையற்றவராக ஆகவில்லை, ஆனால் முயலாமல் இருந்திருந்தால் இருந்திருக்கக்கூடியதைவிட நல்லவராகவும் மகிழ்ச்சியாகவும் இருந்தேன் என்பதே அவர் போட்ட கணக்கு.

அவருக்கு முன்பும் இதைச் செய்தவர்கள் உண்டு. ரோமானியத் தத்துவவாதி செனெகா இரவில் விளக்கை அணைத்து, மனைவியும் அமைதியான பிறகு, அன்றைய நாள் முழுவதையும் தனக்குள் விசாரித்துப் பார்ப்பார். விசாரணையில் கடுமை இருக்காது. இந்த முறை மன்னித்தேன், இனி செய்யாதே என்ற தொனிதான். 16-ஆம் நூற்றாண்டில் இயேசு சபையைத் தொடங்கிய கத்தோலிக்கத் துறவி இக்னேஷியஸ் லொயோலா ஒரு குறையை மட்டும் எடுத்துக்கொண்டு, காலையில் நினைத்து, மதியமும் இரவும் எண்ணிக் கோட்டின் மேல் புள்ளி வைத்து, நேற்றோடு இன்றையும் போன வாரத்தோடு இந்த வாரத்தையும் ஒப்பிடச் சொன்னார். ஃபிராங்கிளினின் 13-ஐவிட இந்த ஒன்றே நடைமுறைக்கு உகந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. 13 வரிசைகளை ஒரே நேரத்தில் நேர்மையாக நிரப்ப யாருக்கும் பொறுமை இருக்காது.

இனி நோட்டின் குறை. எடை பார்க்கும் இயந்திரம் எடையைக் குறைக்காது. தெரிந்த பிறகும் கைமீறுகிறது என்றால், புள்ளிகள் சேர்ந்துகொண்டே போகும், சலிப்பும் சேரும். அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு: நீங்கள் குறை என்று ஏற்கெனவே ஒப்புக்கொண்டதைத்தான் நோட்டில் எழுதுவீர்கள். ஃபிராங்கிளினின் முதல் பட்டியலில் 12 குணங்கள்தான் இருந்தன. நீ கர்வம் பிடித்தவன் என்று எல்லோரும் நினைக்கிறார்கள் என ஒரு நண்பர் உதாரணங்களோடு எடுத்துச் சொன்ன பிறகே 13-ஆவதாகப் பணிவு சேர்ந்தது. நோட்டு அதைச் சொல்லவில்லை, ஆள் சொன்னார். இன்னும் கசப்பான ஒன்றும் இருக்கிறது. அந்தப் பட்டியலில் 'நீதி' இருந்தது. அதே ஃபிராங்கிளின் மனிதர்களை அடிமைகளாக வைத்திருந்தார், அடிமை விற்பனை விளம்பரங்களைத் தன் பத்திரிகையில் வெளியிட்டார். முதுமையில்தான், 1787-ல், அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைவரானார். நீதி என்ற பக்கத்தில் அத்தனை காலமும் அதற்கு ஒரு புள்ளி விழ வழியே இல்லை. மூன்றாம் வகைக் குறைகளிடம் நோட்டு தோற்பது இப்படித்தான்.

'இது வந்தால் இதைச் செய்வேன்'

இரண்டாவது வழி எளிமையானது, அதனால் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 'பொறுமையாக இருப்பேன்' என்ற பொதுவான உறுதிக்குப் பதிலாக, எந்தச் சூழல் வந்தால் என்ன செய்வேன் என்பதை முன்கூட்டியே இணைத்து வைப்பது. 'என்னைத் திருத்தி யாராவது ஒரு கடிதம் அனுப்பினால், மறுநாள் காலையில்தான் பதில் எழுதுவேன்.' 'யாரைப் பற்றியாவது பேச்சு எழுந்தால், அவர் எதிரில் சொல்லக்கூடிய ஒரு வாக்கியத்தை மட்டும் சொல்வேன்.' ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990-களில் இந்த முறையை ஆராயத் தொடங்கினார். 94 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த 2006 தொகுப்பில், வெறும் உறுதியைவிட இப்படி இணைத்துவைத்த உறுதி கணிசமாக அதிகம் நிறைவேறியது. அந்த நேரத்தில் யோசிக்க வேண்டியதில்லை என்பதே காரணம். கோபத்தில் யோசிக்கும் திறன்தான் முதலில் போகிறது. முன்பே யோசித்து வைத்தது மட்டும் கையில் மிஞ்சும்.

பணிவு விஷயத்தில் ஃபிராங்கிளினும் கடைசியில் இங்கேதான் வந்து சேர்ந்தார். 'நிச்சயமாக', 'சந்தேகமே இல்லாமல்' போன்ற சொற்களைத் தனக்குத் தானே தடை செய்துகொண்டு, 'எனக்கு இப்படித் தோன்றுகிறது' என்று பேசப் பழகினார். பணிவு உள்ளுக்குள் வந்ததா என்றால், தோற்றத்தில் நன்றாகவே வந்தது, உள்ளே அவ்வளவாக இல்லை என்று அவரே ஒப்புக்கொள்கிறார். ஆனால் அவரோடு பேசியவர்களுக்குக் கிடைத்தது அந்தத் தோற்றம்தான். அவர்கள் அதைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். நீதியான செயல்களைச் செய்து செய்துதான் நீதிமான் ஆகிறோம் என்று அரிஸ்டாட்டில் சொன்னதிலும், செயல் முன்னால் வரும், உள்ளம் பின்னால் வரும் என்ற இந்த வரிசையே இருக்கிறது.

எத்தனை நாள் பிடிக்கும்? 21 நாள் என்று சுற்றிவரும் பேச்சை நம்ப வேண்டாம். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 96 பேரை 12 வாரம் கவனித்து 2010-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் யோசிக்காமல் வரும் நிலையை எட்டப் பாதிப்பேருக்கு 66 நாளோ அதற்கு மேலோ தேவைப்பட்டது. ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள்வரை வேறுபட்டது (12 வாரத்தைத் தாண்டியவை கணித்துச் சொன்னவை). அவர்கள் பழகியது உணவு, உடற்பயிற்சி போன்ற எளிய விஷயங்களை. நாவை அடக்குவது அதைவிடச் சீக்கிரம் வந்துவிடும் என்று எதிர்பார்க்க நியாயமில்லை. நல்ல செய்தி ஒன்று: நடுவில் ஒரு நாள் தவறியது பெரிதாக எதையும் கெடுக்கவில்லை. 'விட்டுப்போச்சு, இனிமேல் எதற்கு' என்று மொத்தமாகக் கைவிடுவதுதான் கெடுக்கிறது.

இந்த வழிக்கு ஒரு நிபந்தனை உண்டு. 'இது வந்தால்' என்பதை அடையாளம் காணத் தெரிய வேண்டும். குறையே கண்ணில் படாதவருக்கு அந்தப் பாதி வாக்கியத்தை எழுத வராது.

சூழலை மாற்றுவது

மூன்றாவது வழிக்காரர்கள் சொல்வது கொஞ்சம் மனசைக் குத்தும்: நல்லவர், கெட்டவர் என்று நாம் பிரிப்பதில் பாதி, அந்த நேரத்துச் சூழல்தான் என்பார்கள். அவர்கள் கையில் வலுவான சான்று இருக்கிறது. 1973-ல் வெளியான ஒரு சோதனை. பிரின்ஸ்டனில் இறையியல் படித்த 40 மாணவர்களை ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பினார்கள். வழியில் ஒரு மனிதர் சுருண்டு உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார். அவர் ஏற்பாடு செய்யப்பட்ட ஆள். அவசரம் இல்லாத மாணவர்களில் 63 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகையில் உதவினார்கள். 'தாமதமாகிவிட்டது, ஓடுங்கள்' என்று விரட்டப்பட்டவர்களில் உதவியது 10 சதவீதம். இதில் பாதிப்பேர் பேசப் போய்க்கொண்டிருந்த தலைப்பே, வழியில் அடிபட்டுக் கிடந்தவருக்கு உதவிய நல்ல சமாரியன் கதை. அந்தத் தலைப்பு குறிப்பிடத்தக்க வித்தியாசம் எதையும் உண்டாக்கவில்லை. சிறிய சோதனைதான், 40 பேரை வைத்து மனித குலத்தை அளந்துவிட முடியாது. இருந்தாலும், 'என் கல் நெஞ்சை எப்படி உருக்குவது' என்று கேட்பவரிடம் 'முதலில் கால்மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள்' என்று சொல்வதில் பொருள் இருக்கிறது.

மனத்திட்பத்தை வைத்தே சமாளிப்பேன் என்பவர்களுக்கு இன்னொரு செய்தி. மனக்கட்டுப்பாடு ஒரு தசை மாதிரி, பயன்படுத்தப் பயன்படுத்தத் தற்காலிகமாகக் களைத்துப்போகும் என்ற கருத்து 1998-லிருந்து மிகப் பிரபலம். 2016-ல் 23 ஆய்வகங்கள் சேர்ந்து 2,000-க்கு மேற்பட்டவர்களிடம் அதைத் திரும்பச் சோதித்தபோது, விளைவு ஏறக்குறைய பூஜ்யமாக இருந்தது. ஆக, களைக்கிறதா இல்லையா என்பதே தகராறில் இருக்கிறது. ஆனால் 2012-ல் ஜெர்மனியில் 205 பேரை அன்றாட வாழ்க்கையில் பின்தொடர்ந்த ஆய்வில் கிடைத்த ஒன்று யோசிக்கத்தக்கது: கட்டுப்பாடு மிகுந்தவர்கள் ஆசையோடு அதிகம் சண்டை போடுகிறவர்கள் அல்ல. அவர்களுக்குச் சண்டையே குறைவாகத்தான் வருகிறது. மொபைலை வேறு அறையில் வைத்துவிட்டவருக்கு அதை எடுக்காமல் இருக்க வீரம் தேவையில்லை.

இது குணமா, தந்திரமா என்று கேட்கலாம். வம்பு பேசும் கூட்டத்தில் உட்காராததால் வம்பு பேசாதவர் நல்லவரா? என் பதில்: கூட்டத்தில் உட்காரக் கூடாது என்று முடிவெடுத்தாரே, அதுதான் குணம். ஆனால் இந்த வழிக்கு எல்லை இருக்கிறது. உங்களால் மாற்ற முடிந்த சூழல் மட்டுமே உங்கள் கையில் இருக்கிறது. கோபம் வருவது வீட்டில் வயதான தகப்பனாரிடம் என்றால், எங்கே விலகுவது? விலகினால் ஒரு குறைக்குப் பதில் இன்னொன்று வரும்.

கணக்குப் போட்டுச் செய்யும் தவறுகளிடமும் சூழல் மாற்றம் எளிதில் பலிக்காது. படிவத்தின் அடியில் கையெழுத்து வாங்காமல் மேலேயே வாங்கிவிட்டால் மக்கள் குறைவாகப் பொய் சொல்வார்கள் என்று 2012-ல் ஒரு கட்டுரை வந்து, உலகம் முழுக்கப் பேசப்பட்டது. திரும்பச் செய்தவர்களுக்கு அந்த விளைவு கிடைக்கவில்லை. பிறகு அதிலிருந்த ஒரு சோதனையின் தரவே போலி என்று தெரிந்து, 2021-ல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. நேர்மையைப் பற்றிய கட்டுரைக்கு வந்த கதி. பொய் சொல்லத் தீர்மானித்தவரைக் கையெழுத்தின் இடம் திருத்திவிடும் என்று நம்பியதே கொஞ்சம் அதிகப்படி என்று எனக்குப் படுகிறது.

நடுவில் சபதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1930-ல் எரவாடா சிறையிலிருந்து ஆசிரமத்தாருக்கு வாரந்தோறும் எழுதிய கடிதங்களில், 'முடிந்தவரை செய்கிறேன்' என்பது பலவீனத்தின் அடையாளம் என்று காந்தி வாதாடினார். ஆம், இல்லை என்று வெட்டிச் சொல்லக்கூடிய விஷயங்களுக்கு அது பொருந்தும்: குடிக்க மாட்டேன், கடன் வாங்க மாட்டேன். பொறுமை, கனிவு போன்று அளவில் கூடிக் குறையும் குணங்களுக்குச் சபதம் சரிப்படாது. எந்த இடத்தில் உடைந்தது என்றே சொல்ல முடியாதே.

ஆள்

நான்காவது வழியை யாரும் முதலில் தேர்ந்தெடுப்பதில்லை, ஏனென்றால் வெட்கமாக இருக்கும். அந்த வெட்கத்தில்தான் அதன் பலமும் இருக்கிறது. மனசுக்குள் இருக்கும் வழக்கறிஞர் உங்களிடம் எல்லா வழக்கையும் ஜெயித்துவிடுவார். அதே வாதத்தை இன்னொரு மனிதரின் முகத்தைப் பார்த்துச் சொல்லும்போது பாதியிலேயே குரல் இறங்கும்.

இதை ஒழுங்குமுறையாகச் செய்து காட்டியவர்கள் குடிநோயாளிகள். 1935-ல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் ஒரு பங்குத் தரகரும் ஓர் அறுவைச் சிகிச்சை மருத்துவரும் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் 12 படிகளில், தன் தவறுகளைப் பட்டியலிடுவது ஒரு படி. அதை இன்னொரு மனிதரிடம் சொல்வது அடுத்த படி. நோட்டோடு நிற்க விடவில்லை என்பதைக் கவனியுங்கள். 27 ஆய்வுகள், 10,565 பேர் அடங்கிய 2020 மதிப்பாய்வு ஒன்று (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு வெளியிட்டது), இந்த அமைப்போடு இணைக்கும் ஒழுங்கான சிகிச்சை முறைகள், தொடர்ந்து குடிக்காமல் இருக்க வைப்பதில் மற்ற சிகிச்சைகளைவிட மேல் என்று கண்டது. குடியும் குணமும் ஒன்றல்ல, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தனக்குத் தானே நியாயம் சொல்லிக்கொள்ளும் கலையில் குடிப்பவரை மிஞ்ச ஆள் கிடையாது. அவரிடமே வேலை செய்த முறை சின்னப் பொய்க்காரரிடம் செய்யாதா?

ஊரறிய அறிவிப்பது இதில் சேராது. 'இன்றிலிருந்து நான் மாறப்போகிறேன்' என்று பத்துப் பேரிடம் சொன்னால் பத்துப் பேரும் பாராட்டுவார்கள், மாறிவிட்ட திருப்தி அப்போதே கிடைத்துவிடும். 2009-ல் கோல்விட்சர் குழுவினர் செய்த சோதனைகளில், தாங்கள் எப்படிப்பட்டவராக விரும்புகிறோம் என்ற நோக்கத்தை இன்னொருவர் கவனித்துவிட்டார் என்று அறிந்தவர்கள், யாரும் கவனிக்காதவர்களைவிடக் குறைவாகவே உழைத்தார்கள். வேண்டியது பாராட்டும் கூட்டம் அல்ல, திரும்பக் கேட்கும் ஒருவர். எந்த நாளில், என்ன கேள்வி கேட்பார் என்பதும் முன்பே பேசி வைக்கப்பட்டிருக்க வேண்டும். 'எப்படிப் போகிறது?' என்பது கேள்வியே இல்லை; அதற்கு 'பரவாயில்லை' என்ற பதில் தயாராக இருக்கும். 'இந்த வாரம் செய்யாத வேலையைச் செய்ததாக யாரிடம் சொன்னாய்?' என்பது கேள்வி.

யாரைப் பிடிப்பது? உங்களிடம் காரியம் ஆக வேண்டியவர் வேண்டாம், உங்களுக்குக் காரியம் ஆக வேண்டியவரும் வேண்டாம். ஒருவர் பூசி மெழுகுவார், இன்னொருவரிடம் நீங்கள் பூசி மெழுகுவீர்கள். வாழ்க்கைத் துணையைப் பலர் நினைப்பார்கள். உங்கள் குறையால் தினமும் அடிபடுகிறவரிடம் காவல் வேலையையும் கொடுப்பது அநியாயம். அதோடு, அடுத்த சண்டையில் அந்தக் கேள்வி ஆயுதமாகும். ஏறக்குறைய உங்கள் நிலையில் இருப்பவர், வாயைக் காப்பவர், தன் குறை ஒன்றையும் பதிலுக்குச் சொல்லத் தயாராக இருப்பவர் என்றால் நல்லது. அப்படி ஆள் கிடைக்காவிட்டால்? தவறான ஆளிடம் போவதைவிட இந்த வழியைத் தள்ளிவைப்பதே மேல். சொன்னது வெளியே போனால், அடுத்த பல ஆண்டுகளுக்கு நீங்கள் யாரிடமும் எதையும் சொல்ல மாட்டீர்கள்.

அப்போ எதைத் தேர்வது?

கண்ணில் படாத குறைக்கு நோட்டு, அதுவும் ஒரே ஒரு குறைக்கு, சில வாரங்களுக்கு மட்டும். எந்த நேரத்தில், யாரிடம், எதற்குப் பின் நடக்கிறது என்பது தெளிவாகிவிட்டால் நோட்டை மூடிவிடலாம். அதன் வேலை முடிந்தது. எது குறை என்றே தெரியாதவர் நோட்டையும் தொட வேண்டாம். தன்னோடு பழகும் இருவரிடம் கேட்டாலே போதும், பட்டியல் கிடைக்கும். வேண்டிய அளவுக்கு மேலேயே கிடைக்கும்.

கைமீறும் குறைக்கு முதலில் சூழலைப் பாருங்கள். விலக முடிந்தால் விலகுவதே மலிவு, அன்றைக்கே பலன் தெரியும். விலக முடியாத இடங்களுக்கு 'இது வந்தால் இதைச் செய்வேன்' என்ற வாக்கியம். இரண்டையும் சேர்த்தே செய்யலாம், ஒன்றுக்கொன்று இடைஞ்சல் இல்லை. கணக்குப் போட்டுச் செய்யும் குறைக்கு ஆள்தான். மற்ற மூன்றையும் முயன்று பார்க்க நேரம் செலவிடுவதே அந்த வழக்கறிஞர் வாங்கும் வாய்தா.

பொறாமை போன்ற ஒன்று இந்தப் பிரிப்பில் எங்கும் உட்காராது. அது செயல் அல்ல, உணர்வு. நான்கு வழிகளும் செயலைத்தான் பிடிக்கும். அதனால் பொறாமையை விட்டுவிட்டு, அது உங்களைச் செய்யவைக்கும் செயலைத் தேடுங்கள். பாராட்ட வேண்டிய இடத்தில் மௌனமா, மட்டம் தட்டும் ஒரு வார்த்தையா? அந்தச் செயல் எந்த வகை என்று பார்த்து அதற்குரிய வழியை எடுக்கலாம். உணர்வு பின்னால் வரலாம், வராமலும் போகலாம்.

மூன்று மாதம் ஆகியும் கூட இருப்பவர்கள் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்றால், முயற்சி போதவில்லை என்று அவசரப்பட்டு முடிவுகட்ட வேண்டாம். வகை பிரித்ததில் தவறு இருக்கலாம். அடிக்கடி நடக்கும் தவறு, மூன்றாம் வகையை இரண்டாம் வகை என்று எழுதிக்கொள்வது. 'கோபம் வந்தால் எனக்குக் கண்மண் தெரியாது' என்கிறவரிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: கடைசியாக எப்போது மேலதிகாரியிடம் கண்மண் தெரியாமல் கத்தினார்? ஒருமுறையும் இல்லை, கத்துவதெல்லாம் தனக்குக் கீழே இருப்பவர்களிடம்தான் என்றால், அங்கே கைமீறல் இல்லை. யாரிடம் கத்தலாம் என்ற கணக்கு கோபத்திலும் பிசகாமல் ஓடியிருக்கிறது. அவர் மூச்சை இழுத்துவிட்டுப் பத்துவரை எண்ணிப் பயனில்லை. இந்த வாரம் யாரிடம் கத்தினாய், அதே பேச்சை மேலதிகாரியிடம் பேசியிருப்பாயா என்று கேட்க அவருக்கு ஒரு ஆள் வேண்டும்.